புளியரை வளைவில் ரேசிங் லைன்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஐந்தருவிச் சாலையில் மூன்று வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஆள் நெருக்கி ஏற்றி வரும் வேன் ஒன்று. கேரளம் போய்த் திரும்பும் வழியில் ஒரு குளியலுக்காக ஒதுங்கும் கார் இன்னொன்று. மூன்றாவது, மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து கூட்டமாக வந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள். முதல் இரண்டும் குளித்துச் சாப்பிட்டு ஊர் பார்த்துப் போய்விடும். மூன்றாவது வகைக்கு அருவி ஒரு சாக்குதான். தலை துவட்டிய கையோடு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மேற்கே கிளம்பிவிடும், அங்கேதான் வளைவுகள் இருக்கின்றன என்பதால். அந்த வளைவுகளை எடுக்கும் விதமும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. வெளிப்பக்கமிருந்து நுழைந்து, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளிப்பக்கம் விரிந்து போகும் பந்தயத் தடத்தின் விதம் அது. பந்தயக்காரர்கள் அதை ரேசிங் லைன் என்பார்கள். பந்தயத் தடத்தில் கற்கும் வித்தையில் இரண்டு பாதி உண்டு. ஒன்று கோடு, மற்றது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை. மலைச்சாலைக்குக் கோடு ஆகாது, வரிசையில்லாமலோ முடியாது. இந்தச் சாலையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: கோட்டை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுவிடுகிறார்கள். ஐந்தருவியிலிருந்து தென்மலை வரையிலான வழியை இந்த ஒரு கண்ணோடு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கோட்டுக்கு அதற்குரிய மரியாதையைச் செய்துவிடலாம். அது வெறும் பகட்டல்ல, கணக்கு. வளைவில் ஒரு வண்டி எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை டயரின் பிடிப்பும் வளைவின் ஆரமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. ஆரம் இரண்டு மடங்கானால் வேகம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடலாம். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துகிறவர், சாலை வளைவதைவிட மெதுவாக வளைகிறார். அதாவது பெரிய ஆரத்தில் போகிறார். ஏழு மீட்டர் அகல இருவழிச் சாலையில் கூர்மையான செங்கோணத் திருப்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தன் பாதியான மூன்றரை மீட்டருக்குள் அடங்கி ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆரம் சுமார் 12 மீட்டர். எதிர்ப்பாதியையும் கடன் வாங்குகிறவருக்கு 24. சாலை நடுவே உள்ள மஞ்சள் கோட்டைத் தாண்டும் ஆசை ஏன் இவ்வளவு வலுவானது என்பதற்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது. முட்டாள்தனத்தால் வருவதல்ல அந்த ஆசை. உடம்புக்குத் தெரிகிற உண்மையான ஆதாயம் அதில் இருக்கிறது.

ஆனால் அந்த ஆதாயம் மூன்று சலுகைகளின் மேல் நிற்கிறது. தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் வளர்ந்த கதையைப் பார்த்தால் சலுகைகள் மூன்றும் தெளிவாகும். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பந்தயங்களைச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடத்தியது. ஊர்ச் சாலையை விட்டுவிட்டு வெறிச்சோடிய ஓடுதளத்தைத் தேடிப் போனதிலேயே பாடம் இருக்கிறது. பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் 12 வளைவுகளோடு நிரந்தரத் தடம் வந்தது. கோவை செட்டிபாளையத்தில் 2003இல் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் என்று ஃபார்முலா ஒன் வரை போன இரண்டு பேரும் இந்தத் தமிழ்நாட்டுப் பந்தயச் சூழலில் வளர்ந்தவர்கள். இந்தத் தடங்கள் எதிலும் எதிரே வண்டி வராது. அது முதல் சலுகை. ஒரே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும். எங்கே பிரேக் பிடிப்பது, மறுபுறம் என்ன இருக்கிறது என்பது மனப்பாடம், இது இரண்டாவது. மூன்றாவது, பிழையை மன்னிக்கும் வெற்றிடம். தடத்துக்கு வெளியே சரளையும் மண்ணும் டயர்ச் சுவரும் இருக்கின்றன. வளைவுதோறும் கொடியோடு ஆள் நிற்கிறார். இந்த மூன்றில் ஒன்றை உருவினாலும் ரேசிங் லைன் வெறும் கிறுக்கல்தான்.

பந்தய உலகமே இதைத் தன் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. இத்தாலியில் பொதுச்சாலையில் ஆயிரம் மைல் ஓடிய மில்லே மில்லியா பந்தயத்தில், 1957இல் அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோவின் ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் உடனிருந்தவரும் பார்வையாளர்கள் ஒன்பது பேரும் இறந்தார்கள். அது வளைவில் நடந்ததல்ல, நேர்ச்சாலையில் டயர் போனதால் நடந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மில்லே மில்லியா அந்த வடிவில் அத்தோடு முடிந்தது. அன்று வென்றவர் பியெரோ தாருஃபி, படித்த பொறியாளர். வளைவை எடுக்கும் வித்தையைக் கணக்கும் வரைபடமுமாக நூலாக்கியவர் அவர்தான். வென்ற கையோடு பந்தயத்தைவிட்டு விலகினார். ரேசிங் லைனுக்கு இலக்கணம் எழுதிய மனிதரே அந்தப் பொதுச்சாலைப் பந்தயத்தின் பழைய வடிவில் கடைசி வெற்றியாளராக இருந்தது எனக்கு வெறும் தற்செயலாகப் படவில்லை.

இனி வழிக்கு வருவோம். ஐந்தருவியிலிருந்து ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகளைத் தாண்டி இறங்கி, கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744ஐப் பிடித்தால் பிரானூர், அடுத்து செங்கோட்டை. மர அறுவை மில்களும் பார்டர் பரோட்டாக் கடைகளும் நிறைந்த பகுதி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் எல்லை அன்று இங்கேயே இருந்தது. இப்போது அது புளியரை தாண்டி மேலே போய்விட்டது. மேற்கு மலைத்தொடர் இந்த இடத்தில் தாழ்ந்து கணவாய் விடுவதால்தான் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைகிறது, குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. அதே கணவாய்தான் சாலைக்கும் வழி விட்டது. கொல்லிமலையில் இருப்பதுபோல எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இங்கே கிடையாது, ஏற்றமும் குறைவு. இந்தச் சாலையின் ஆபத்தே அதில்தான் தொடங்குகிறது. கொல்லிமலைக்குப் போகிறவர் பயத்தோடு போகிறார். இங்கே நெல் வயலும் தென்னையுமாகச் சமவெளிபோலப் போய்க்கொண்டிருந்த சாலை, புளியரைக்கு மேலே திடீரென்று இரண்டு பக்கமும் மடங்கி ஏறுகிறது. எஸ் வளைவு என்று ஊரார் சொல்லும் இடம் அது. காய்கறியும் சிமென்ட்டும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு கேரளம் போகும் லாரிகள் அதில் முக்கி முனகி ஏறும். கேரளத்திலிருந்து வருகிறவை கீழ்நோக்கி அதே இடத்தில் இறங்கும்.

2024 பிப்ரவரி 25 அதிகாலையில் அப்படி பிளைவுட் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று எஸ் வளைவில் சாலையைவிட்டு விலகி, கீழே செங்கோட்டை–பகவதிபுரம் ரயில் பாதையில் போய் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த ஒரு முதிய தம்பதி டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தார். அந்த விபத்துக்கு என்ன காரணம் என்று இங்கே தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் வளைவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் வளைவுக்கு வெளியே சரளை, புளியரையில் தண்டவாளம். அங்கே கொடி பிடிக்கச் சம்பளத்துக்கோ ஆர்வத்துக்கோ ஆள் நிற்கிறார். இங்கே அந்த வேலையைத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த இரண்டு கிழவர்கள் செய்ய வேண்டியிருந்தது.

“பந்தயக் கார் இருநூறில் போகிறது, மலைச்சாலையில் நாற்பதுதானே, அந்தக் கணக்கெல்லாம் இங்கே எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. டயருக்கு வேகமானி தெரியாது. அதற்குத் தெரிவது பக்கவாட்டில் இழுக்கும் விசை மட்டும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் நல்ல டயர் போட்ட கார் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். அதே இடம் சாரலில் நனைந்தால் 44 அளவில் கைவிட்டுவிடும். மழை விட்டு நாளாகி மறுபடி தூறும் முதல் அரைமணி நேரத்தில், தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதையும் குறைக்கும். உயரமாகச் சுமை ஏற்றிய லாரிக்கோ கதையே வேறு. அதன் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் பக்கவாட்டு விசை வந்தால் போதும். நம் வளைவில் அது 36 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வருகிறது. ஆக, நாற்பதில் போகும் சுமை லாரி, இருநூறில் போகும் பந்தயக் காரைவிடத் தன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏன், எல்லையைத் தாண்டியே இருக்கிறது. பந்தயக்காரருக்கு எல்லை தெரியும், அதைத் தேடித்தான் போகிறார். லாரிக்காரருக்கு அது தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

இங்கேதான் வித்தையின் இரண்டாம் பாதி, அந்த வரிசை, உதவிக்கு வருகிறது. பந்தயப் பள்ளிகளில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடி, கியரைக் குறை, திருப்பும்போது திருப்ப மட்டும் செய், வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடு. காரணம், டயரின் பிடிப்பு ஒரே இருப்பு. ஐந்தருவியில் ஒரே ஓடைத் தண்ணீர்தான் ஐந்தாகப் பிரிகிறது. ஒரு கிளையில் மிகுதியாக விழுந்தால் மற்றதில் குறைகிறது. பிரேக்குக்குக் கொடுத்த பிடிப்பு திருப்பத்துக்குக் கிடைக்காது என்பதும் அதேபோலத்தான். ஆனால் அருவிக் கணக்குபோல நேர்க்கழித்தல் அல்ல இது. பிடிப்பில் 80 விழுக்காட்டைப் பிரேக்குக்குச் செலவிட்டாலும் திருப்பத்துக்கு 60 விழுக்காடு மிஞ்சும். செங்கோண முக்கோணக் கணக்கு அது. இந்தத் தாராளத்தைப் பயன்படுத்தித்தான் தேர்ந்த பந்தயக்காரர்கள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே வளைவுக்குள் நுழைகிறார்கள். “அவர்களே வளைவுக்குள் பிரேக் பிடிக்கிறார்களே” என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அவர்கள் பிரேக்கை விட்டுக்கொண்டே போகிறார்கள். புளியரையில் பார்ப்பது பிரேக்கைப் புதிதாகப் பிடிப்பதை: வளைவின் நடுவில், எதிரே லாரியின் நெற்றி தெரிந்த கணத்தில், ஏற்கெனவே முழுப் பிடிப்பும் திருப்பத்துக்குச் செலவாகிக்கொண்டிருக்கும் டயரிடம் மேலும் கேட்பதை. பைக்கில் முன்சக்கரம் முதலில் போகும். காரில் ஸ்டியரிங் திருப்பியபடியே வண்டி நேராக வழுக்கும்.

வரிசையோடு சேர்த்து இன்னொன்றையும் தடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: திருப்பத்தைத் தாமதமாகத் தொடங்குவது. உள்முனையை, அதாவது ஏபெக்ஸை, வளைவின் நடுவில் தொடாமல் சற்றுத் தள்ளித் தொடுவார்கள். பந்தயத்தில் இது அடுத்து வரும் நேர்ச்சாலையில் முந்துவதற்கான உத்தி. மலைச்சாலையில் அதே செயலுக்கு வேறு பயன். அது பார்வையைக் கூட்டும். ஆனால் இதைத் தன் பாதிச் சாலைக்குள்ளேயே செய்ய வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இடது வளைவில் உள்பக்கம் பாறையோ புதரோ கண்ணை மறைக்கும். அப்போது மஞ்சள் கோட்டை ஒட்டி, தாண்டாமல், நின்று பார்த்து, பிறகு உள்ளே மடங்கினால் சில மீட்டர் பார்வை கூடும். வலது வளைவில் ஆசை எதிர்த்திசையில் இழுக்கும். உள்முனையே மஞ்சள் கோடு என்பதால் அதை உரச நினைக்கும். பைக் ஓட்டுகிறவருக்கு இதில் தனி ஆபத்து. சக்கரம் தன் பாதியில் ஓடினாலும் சாய்ந்த உடம்பும் தலையும் கோட்டுக்கு அப்பால், எதிரே வரும் பஸ்ஸின் பாதியில் இருக்கும். அந்தத் தலை ஒரு மீட்டர் இடப்பக்கம் இருந்திருந்தால் வளைவு சற்றுக் கடுமையாகியிருக்கும், அவ்வளவுதான். பார்வைக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் 30 மீட்டர் வளைவில் உள்பக்கப் பாறை மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் கண்ணுக்கு எட்டுவது 27 மீட்டர்தான். நனைந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, நிற்க 29 மீட்டர் எடுக்கும். அதாவது கோட்டைத் தாண்டாத நல்ல பிள்ளைக்கே நாற்பது அதிகம். தாண்டுகிறவருக்கு, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டிய தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது ராலி பற்றியது. தென்னிந்திய ராலியை வென்றவர் நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், ராலிக்காரர்கள் ஓட்டுவது தடத்தில் அல்ல, காட்டுப் பாதையிலும் மலைச்சாலையிலும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் போட்டி நடக்கும் துண்டு முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். போட்டிக்கு முன்பே மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு வளைவின் கடுமையையும் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதை வாசித்துக்கொண்டே வருவார். தடத்தின் முதல் இரண்டு சலுகைகளையும் செயற்கையாக உண்டாக்கிக்கொண்ட பிறகே அவர்கள் வேகமெடுக்கிறார்கள். மூன்றாவது சலுகை, பிழைக்கு மன்னிப்பு, அங்கே கிடையாது. அதனால்தான் ராலிக்காரர்கள் தடத்து வீரர்களைவிடத் தாமதமாகத் திருப்பி, கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ராலியும் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

நேரம் மிச்சமாகிறது என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. 50 மீட்டர் நீள வளைவை 30இல் கடக்க 6 நொடி, 40இல் 4.5 நொடி. வழியில் அறுபது வளைவு என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் ஒன்றரை நிமிடம். ஆரியங்காவு ஏற்றத்தில் ஒரு வைக்கோல் லாரியின் பின்னால் மாட்டினால் அதைவிடக் கூடுதலாகவே போய்விடும். இன்பத்துக்காக ஓட்டுகிறோம் என்பது இதைவிட நேர்மையான வாதம். அதை நான் பழிக்கமாட்டேன். வளைவில் ஓட்டும் இன்பம் அருவியில் தலை கொடுக்கும் இன்பத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் அந்த இன்பத்துக்கான இடம் இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும்தான். தென்மாவட்டங்களில் அப்படி ஒரு தடம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பது நியாயமான குறை. அந்தக் குறைக்கு ஆரியங்காவுச் சாலையில் நடந்து வரும் ஐயப்ப பக்தர்கள் ஈடு கொடுக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் அங்கே வளைவுக்கு அப்பால் இருப்பது வண்டியாக இல்லாமல் இருமுடியோடு போகும் ஆளாகவும் இருக்கலாம்.

எல்லை தாண்டி ஆரியங்காவிலிருந்து தென்மலைக்கு இறங்கும்போது கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். 1904இல் மீட்டர் கேஜாக ஓடத் தொடங்கி, அகலப் பாதையாகி 2018இல் மீண்டும் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் கல் பாலம் அது. படம் எடுக்க எல்லோரும் நிற்கிறார்கள். வளைவைப் பற்றி யோசிக்கிறவருக்கு அந்தப் பாதை வேறொன்றும் காட்டும். ரயில் ஓட்டுநருக்குக் கோடு தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. தண்டவாளம் வரைந்த கோட்டில்தான் போக வேண்டும். அவர் கையில் இருப்பது வேகம் மட்டும். மலைச்சாலை ஓட்டுநர் பந்தயக்காரருக்கு உறவு என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் அந்த ரயில் ஓட்டுநருக்குத்தான் நெருங்கிய சொந்தம். தன் பாதிச் சாலை என்ற தண்டவாளம் முன்பே போடப்பட்டுவிட்டது.

“ஏபிஎஸ் வந்துவிட்டது, இதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும்” என்பது கடைசி மறுப்பு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, பிரேக் பிடிக்கும்போதும் திருப்ப முடியும்படி வைக்கும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. நனைந்த சாலைக்கு உரிய எல்லை ஏபிஎஸ் வண்டிக்கும் அதேதான். இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளர்வதையும் அது தடுக்காது. அதைத் தடுப்பது ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கம். செங்கோட்டை, புனலூர் பஸ் ஓட்டுநர்கள் யாரும் பந்தயப் பள்ளியில் படித்ததில்லை. ஆனால் எஸ் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, வண்டியை அடக்கிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுகிறார்கள். அந்த வரிசை அவர்கள் கைக்குப் பழகிப்போயிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் லாரியும், இறக்கத்தின் வேகத்திலேயே வளைவுக்குள் விழும் பைக்கும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. திரும்பும் வழியில், எல்லையிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது, ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற மலைச்சாலை விதிக்கும் வலுவான காரணம் உண்டு. சுமையோடு ஏறும் லாரி வளைவின் நடுவில் ஒருமுறை நின்றுவிட்டால், முதல் கியரில், கிளட்ச் கருகும் வாடையோடு, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். அது கிளம்பும்வரை பின்னால் புளியரைச் சோதனைச் சாவடிவரை வரிசை நிற்கும். இறங்கி வருகிறவருக்கோ ஒரு வளைவு முன்னதாகப் பிரேக்கை முடித்து ஓரம் கட்டினால் வேலை முடிந்தது.